சோம்பில் ரோமம்

திருவண்ணாமலைக்கு நுண்ணோக்கி வந்த கதையை ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அருணை நறுங்கனி நுண்ணாய்வுக் கழகத்தின் ஆண்டறிக்கைப்படி அது அறிவுலகம் நம் நகருக்கு அளித்த கொடை. நடந்தது வேறு. ரமணாசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஜெர்மன்கார அம்மாள் ஒருத்திக்கு உலகத்தைத் துறக்கும் எண்ணம் வந்தது. எதை முதலில் துறப்பது என்று யோசித்தவள், பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். எது அதிகக் கனமோ அதைத் துறந்தாள். அந்தப் பித்தளை யந்திரம் அறை வீட்டுக்காரர் கைக்குப் போய், அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கதவுக்கு முட்டாக வைத்திருந்து, கடைசியில் கைலாசநாதனிடம் வந்து சேர்ந்தது.

கைலாசநாதன் குருக்கள் வீட்டில் பிறந்தும் கர்ப்பக்கிரகத்துக்குப் போகாமல் சர்வே இலாகாவுக்குப் போனவர். நிலம் அளக்கிற தூரப்பார்வைக் குழாயில் ஒற்றைக் கண்ணை வைத்தே உத்தியோக காலம் முழுவதையும் கழித்தார். பொட்டல் வெயிலில் பக்க வெளிச்சம் உள்ளே புகாமலிருக்க, கண்ணைக் குழாயோடு அழுத்தி ஒட்டி வைத்துக்கொள்வது அவர் பழக்கம். ஓய்வு பெற்றபோது சம்பளம் நின்றது, பழக்கம் நிற்கவில்லை. வலது கண்ணைச் சுற்றி வளையல் பதித்தாற்போல ஒரு வட்டம் அவருக்கு நிரந்தரமாக உண்டு. யாராவது அதைப் பற்றிக் கேட்டால் சந்தோஷப்படுவார். கேட்காவிட்டால் அந்த வட்டம் தெரியும்படி முகத்தைத் திருப்பி உட்காருவார்.

நுண்ணோக்கி கையில் வந்ததும் ஒரு கழகம் அவசியமாயிற்று. திருவூடல் தெருவில் ஒரு சைக்கிள் கடை மாடியில் கழகம் தோன்றியது. கைலாசநாதன் தலைவர். செயலாளர் சம்பந்தமூர்த்தி. ஊருக்கு எந்த அதிகாரி வந்தாலும், போனாலும், வருவதாகச் சொல்லி வராமலே இருந்தாலும் வரவேற்புப் பத்திரம் எழுதி வைத்துவிடுகிற தமிழன்பர் அவர். மீதிப் பேர் அங்கத்தினர்கள். அதாவது சாயங்காலம் சுண்டல் கொடுக்கிற நேரத்துக்கு வருகிறவர்கள்.

எதை ஆராய்வது என்பதில் முதல் கூட்டத்திலேயே தகராறு இல்லாமல் முடிவாயிற்று. ஜெர்மன் அம்மாள் பெட்டியில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. அதில் மருந்துக்கு ஆகும் வாசனைப் பொருள்களைப் பற்றிய அத்தியாயம் மட்டும் கரையான் அரிக்காமல் இருந்தது. சோம்பு, சீரகம், ஓமம், தனியா, சதகுப்பை. இவையெல்லாம் விதை இல்லை, கனி என்று அதில் போட்டிருந்தது. சம்பந்தமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்தது. "நறுங்கனி" என்ற சொல்லை அவர் அங்கேயே, அந்தக் கணத்திலேயே, சுண்டல் தொன்னையைக் கீழே வைக்காமலே உண்டாக்கினார்.

நுண்ணோக்கிக்கு உரிய மரியாதைகள் நடந்தன. வெள்ளிக்கிழமைகளில் பூச்சரம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கப்பட்டது. எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் அவசரப்பட்டு, கண் வைக்கிற கண்ணாடியிலேயே சந்தனத்தை வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தலைவர் பார்த்ததெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. எல்லாக் கனிகளுக்கும் ஆதி நிறம் மஞ்சளே என்று ஒரு கட்டுரையும் எழுதினார்.

நயா பைசா வந்த மறு வருஷத்துக் கார்த்திகைத் திருவிழாவில் பொருட்காட்சி போட்டார்கள். கழகத்துக்கும் ஒரு கொட்டகை கிடைத்தது. ஐந்து தட்டுகளில் ஐந்து கனிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் சம்பந்தமூர்த்தியின் கையெழுத்தில் ஒரு அட்டை. தனியா இரண்டு பாதி சேர்ந்த உருண்டை. சதகுப்பை தட்டை, ஓரத்தில் இறகு. ஓமம் சிறிது; மேலெல்லாம் சொரசொரப்பு. சீரகத்தின் மேனியில் நுண் ரோமம் உண்டு. சோம்பின் மேனி வழவழப்பு, ரோமம் இல்லை. இவ்வளவையும் புத்தகம் சொல்லியிருந்தது, ஆகவே உண்மை. அட்டையில் இது பத்துப் பங்கு நீளமாக, எதுகை மோனையோடு இருந்தது.

அதோடு நின்றிருந்தால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. நாட்டு மருந்துக் கடைகளுக்குத் தூய்மைச் சான்று வழங்குவது என்று கழகம் தீர்மானித்தது. கடைக்காரர்கள் மாலையும் பழத்தட்டும் சரக்குப் பொட்டலமுமாக வந்தார்கள். மாலை போட்டவர்களுடைய சரக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது மரியாதையாகாது என்று கழகம் கருதியது. பொட்டலத்தைப் பிரிக்காமலே சான்று கொடுத்தார்கள். சக்கரபாணி செட்டியார் பெரிய மாலையாகக் கொண்டுவந்ததால் அவருக்குச் சான்று சட்டம் போட்டே கிடைத்தது.

மாலை கொண்டுவராத கடை ஒன்றுதான். தேரடித் தெருவில் பாஞ்சாலை கடை. புருஷன் போன பிறகு பாஞ்சாலை ஒருத்தியாகவே நடத்துகிற கடை அது. பெயர்ப் பலகைகூடக் கிடையாது. "பாஞ்சாலை கடையில வாங்கினது" என்று சொன்னால் ஊரில் அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தப் பெயர்தான் அவளுக்குப் பலகை, அதுதான் முதல். கழகத்திலிருந்து ஆள் போய் மாலை விஷயமாக ஜாடையாகச் சொன்னபோது அவள், "மாலை போட்டுக்கறதுக்கு அவரு என்ன மாப்பிள்ளையா" என்று கேட்டுவிட்டாள்.

ஆகையால் அவள் கடைச் சோம்பு மட்டும் நுண்ணோக்கிக்குப் போயிற்று.

தலைவர் முழுச் சோம்பு ஒன்றைக் கண்ணாடித் துண்டில் வைத்தார். கீழேயிருந்த சின்னக் கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பினார். கண்ணைக் குழாயோடு அழுத்தினார். வட்டமான வெளிச்சம். நடுவில் மூட்டை போலக் கறுப்பாக ஒன்று. வட்டத்தின் விளிம்பிலிருந்து உள்நோக்கி, தெளிவாக, கரேலென்று, நீள நீளமாக ரோமங்கள்.

அவர் கண்ணை எடுக்காமலே ஒரு தடவை கனைத்துக்கொண்டார். உத்தியோக காலத்தில் புறம்போக்கு நிலத்தில் ஒரு தாசில்தாரின் மச்சான் வீடு கட்டியிருந்ததைக் கண்டுபிடித்தபோதும் இப்படித்தான் கனைத்துக்கொண்டார். அப்போது வெளியே சொல்ல முடியவில்லை. இப்போது முடியும்.

அன்று மாலையே கொட்டகை வாசலில் பலகை வைத்தார்கள். "பாஞ்சாலை கடைச் சோம்பில் ரோமம். சீரகக் கலப்படம் நுண்ணோக்கியால் நிரூபணம். பொதுமக்கள் நேரில் காணலாம்."

பொதுமக்கள் வரிசையில் நின்றார்கள். தலைவர் ஒவ்வொருவருக்கும் கற்றுக்கொடுத்தார்: "கண்ணை நன்றாக ஒட்டி வைக்க வேண்டும். இன்னும் ஒட்டி." பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரோமம் தெரிந்தது. மை தீட்டிய பெண்களுக்கு இன்னும் தடிமனாகத் தெரிந்தது. தெரியாதவர்கள் தெரிந்ததாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள்.

மறுநாள் காலையில் பாஞ்சாலை கடையைப் பூட்டிவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தாள்.

"சாமி, என் சோம்புல முடி இருக்குதுன்னு போர்டு போட்டிருக்கீங்களாமே."

"முடி என்று எழுதவில்லை அம்மா. ரோமம்" என்றார் சம்பந்தமூர்த்தி.

"ரோமம்னா?"

"முடிதான்."

"அப்ப அத சொல்றதுக்கு நடுவுல நீங்க எதுக்குங்க?"

தலைவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். "இதோ பார் பாஞ்சாலை. சீரகத்துக்கு ரோமம் உண்டு. சோம்புக்குக் கிடையாது. உன் சோம்பில் இருக்கிறது. ஆகவே நீ சீரகம் கலந்திருக்கிறாய். இது நான் சொல்வதல்ல, யந்திரம் சொல்வது."

"யந்திரம் கடைவீதிக்குப் போயிருக்குதுங்களா? சீரகம் வெல ஜாஸ்தி, சோம்பு கம்மி. பால்ல தண்ணி கலக்கறவள பாத்திருப்பீங்க. தண்ணில பால கலக்கறவ எவளையாச்சும் பாத்திருக்கீங்களா?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "விஞ்ஞானத்துக்கு விலைவாசி கிடையாது" என்றார். சம்பந்தமூர்த்தி அதை உடனே ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார்.

"சரிங்க. செட்டியார் கடை சோம்பையும் அதுல வெச்சிப் பாருங்க."

"அவருக்குச் சான்று கொடுத்தாயிற்று. கொடுத்த பிறகு பார்த்தால் சான்றுக்கு என்ன மரியாதை?"

"அப்ப நானே பாக்கறேன். தள்ளுங்க."

பாஞ்சாலை குனிந்து, சொன்னபடியே கண்ணை ஒட்டி வைத்தாள். அவள் நிமிர்ந்தபோது முகத்தில் அவள் கொண்டுவந்திருந்த சண்டை இல்லை. வரிசையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அவளுக்கும் தெரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. மற்றவர்கள் சொன்னால் திருப்பித் திட்டலாம். தன் கண்ணே சொன்னால் யாரைத் திட்டுவது? கடைக்கு வந்து சோம்பு மூட்டையை அவிழ்த்து முறத்தில் கொட்டினாள். ஒவ்வொரு மணியாக எடுத்துத் தடவினாள். வழவழப்பு. கடித்தாள், இனிப்பு. கசக்கி முகர்ந்தாள். சீரகத்தின் சாயல்கூட இல்லை. ஆனாலும் பார்த்தாளே. நம் கையில் வந்த சரக்கை நமக்கே தெரியவில்லையோ என்று அன்று முதல் தடவையாக ஒரு சந்தேகம் அவள் மனசில் ஏறி உட்கார்ந்தது. சாயங்காலம் வரைக்கும் ஒரு பொட்டலம்கூடப் போகவில்லை. குழந்தைக்கு ஓமத்தண்ணீர் கேட்டு வந்த ஒருத்தி, "அதுல ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் செட்டியார் கடைப் பக்கம் நகர்ந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேடியப்பன் வந்தான். அடி அண்ணாமலையில் மலை சுற்றுகிறவர்களுக்கு மசால்வடை போடுகிறவன். தீபத்துக்கு மறுநாள் பௌர்ணமிக் கூட்டத்துக்கு அவனுக்கு ஒரு மூட்டை சோம்பு வேண்டும். வருஷா வருஷம் பாஞ்சாலையிடம்தான் எடுப்பான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. நான் உன்ன நம்பறேன்."

"அப்ப மூட்டைய தூக்கு."

"நான் நம்பி இன்னா பண்றது, திங்கறவன் நம்பணுமே. வடையில நெசமாவே முடி கெடந்தா எடுத்துப் போட்டுட்டுத் தின்னுடுவான். முடி இருக்குதுன்னு காதுல விழுந்திடுச்சின்னா தொடமாட்டான்."

"இப்ப இன்னா செய்யணும்ன்ற?"

"தீபத்துக்கு மறுநாள் சாயங்காலம் பொருட்காட்சிய முடிக்கறாங்க. கலப்படம் பண்றவங்க பேர மைக்ல படிக்கப் போறாங்களாம். உன் பேரு வரலன்னா அங்கியே வந்து மூட்டைய எடுத்துக்கறேன். வந்துடுச்சின்னா..." அவன் தலையைச் சொரிந்தான். "எனக்கும் புள்ளகுட்டி இருக்குதக்கா."

பாஞ்சாலைக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. பலகையில் எழுதியது மழை வந்தால் அழியும். ஒலிபெருக்கியில் சொன்னது இந்த ஊரில் அழியாது. கோபுரத்தில் மோதித் திரும்பி வந்து எல்லார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்துவிடும். பத்து வருஷத்துக்கு அப்புறமும் "மைக்லயே சொன்னாங்களே" என்பார்கள்.

தீபம் ஏற்றியாயிற்று. மறுநாள் காலை பாஞ்சாலை கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது இருசப்பன் வந்தான். மலையுச்சியில் கொப்பரைக்கு நெய் ஊற்றித் தீபத்தைக் காக்கிறவர்களில் ஒருவன். முறை முடிந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தான். வேட்டியெல்லாம் நெய்யும் கரியும். வழியில் ஜனங்கள் காலில் விழுந்து விழுந்து, அவன் கடைக்கு வந்து சேர ஒரு நாழிகை கூடுதலாகியிருந்தது.

"பாஞ்சால, குங்கிலிய வெண்ண இருந்தா குடு. மூஞ்செல்லாம் எரியுது. ராத்திரி காத்து ஒரே தள்ளா இந்தப் பக்கம் தள்ளிச்சி."

அவள் சுட்ட இடத்துக்குப் பூசுகிற அந்த வெண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தாள். அவன் பூசிக்கொண்டே கடையைச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா, திருவிழா நாளும் அதுவுமா கடை காத்தாடுது?"

அவள் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "சோம்புக்கு மொளச்சா தாடிதான மொளைக்கும்" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான். "நானும் ஒரு தபா பாக்கறேன், வா. மலைமேல இருந்துகினு ஒரு வேடிக்கையும் பாக்கல."

இருசப்பன் கொட்டகைக்குள் நுழைந்ததும் வரிசை தானாக விலகியது. இரண்டு பேர் அவன் காலைத் தொட்டார்கள். தலைவர் எழுந்து நின்றார். தான் எழுந்து நின்றது எதற்கு என்று அவருக்கே பிறகுதான் யோசனை வந்தது. அதற்குள் உட்கார முடியவில்லை. வடை வேலை இல்லாத நேரத்தில் வேடிக்கை பார்க்க வந்திருந்த வேடியப்பனும் ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

"வாருங்கள். ஜோதியைக் கண்ட கண்கள் விஞ்ஞானத்தையும் காணட்டும்" என்றார் சம்பந்தமூர்த்தி.

இருசப்பன் குனிந்தான். "நன்றாக ஒட்டி வையுங்கள்" என்றார் தலைவர். ஒட்டி வைத்தான்.

"தெரிகிறதா?"

"தெரியுதுங்க. வட்டமா வெளிச்சம். நடுவுல கருப்பா ஒரு மூட்ட."

"ரோமம்?"

"அது ஒண்ணும் இல்லீங்க."

"இன்னும் ஒட்டி."

"இதுக்கு மேல ஒட்டினா கண்ணு அந்தாண்ட வந்துடுங்க. ஒண்ணும் இல்லீங்க. மொழுமொழுன்னு இருக்குது."

கொட்டகையில் முணுமுணுப்பு எழுந்தது. ஜோதியை ராத்திரி முழுவதும் பார்த்த கண் கூசியிருக்கும் என்று சம்பந்தமூர்த்தி ஒரு விளக்கம் சொன்னார். சொன்னதுமே அது தப்பான இடத்தில் சொன்ன வார்த்தை என்று தெரிந்தது. "இன்னாய்யா, தீபத்த பாத்தா கண்ணு கெட்டுப் போயிடுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நேற்று ரோமத்தைத் தெளிவாகப் பார்த்தவர்கள் எல்லாரும், தங்களுக்கு அப்போதே சந்தேகம் இருந்ததாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். நேற்று ரோமத்தின் நீளத்தை விரலால் அளந்து காட்டிய ஒருவர் இன்று அந்த விரலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வேடியப்பன் இருசப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இன்னா ஒரு மாதிரி கோழி முட்ட கணக்கா இருக்கிற? புருவத்த காணோமே."

"புருவம் இன்னாடா, ரெப்ப மயிரே போயிடுச்சி. நெய்ய ஊத்தறேன், காத்து இப்பிடி திரும்பிச்சி, பொசுக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான். கொஞ்சம் தள்ளி நின்னிருக்கணும்."

பாஞ்சாலை அவன் கண்களைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு முடிகூட இல்லாத, செவசெவவென்ற இரண்டு கண்கள். பிறகு தலைவரின் கண்களைப் பார்த்தாள். அவருக்கு இமை முடி நல்ல அடர்த்தி. சின்ன வயசில் கண்ணழகர் என்று பெயர் எடுத்தவர். அவள் தன் கண்ணோரத்தை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சாமி, ஒரே ஒரு தபா மறுக்கா பாருங்க. எனக்காக."

தலைவருக்கு அது மரியாதையாகப் பட்டது. குனிந்து ஒட்டி வைத்தார். "இருக்கிறது. சந்தேகமே இல்லை. இருக்கிறது."

"கொஞ்சம் கண்ண சிமிட்டுங்க."

தலைவர் சிமிட்டினார். மறுபடி சிமிட்டினார். கூட்டம் அவருடைய முதுகையும் பஞ்சகச்சத்தையும் பார்த்துக்கொண்டு நின்றது.

"என்ன தெரிகிறது?" என்று சம்பந்தமூர்த்தி குனிந்து கேட்டார்.

"ரோமம்... ஆடுகிறது."

"காற்றாக இருக்கலாம்."

"நான் சிமிட்டினால் ஆடுகிறது ஓய். சிமிட்டாவிட்டால் நிற்கிறது."

"தலைவருக்குக் கட்டுப்படுகிற ரோமம்" என்று அட்டையை எடுத்தார் செயலாளர்.

பாஞ்சாலை அதற்குள் கையை நீட்டிக் கண்ணாடித் துண்டை, மேலிருந்த சோம்போடு, மெதுவாக உருவி எடுத்துவிட்டாள். "இப்ப பாருங்க சாமி. இருக்குதுங்களா?"

"இருக்கிறது. ஆனால் மூட்டையைக் காணோமே."

"மூட்ட என் கையில இருக்குது."

அவர் நிமிர்ந்தார். அவள் உள்ளங்கையில் கண்ணாடித் துண்டு. அதன் மேல் வழவழவென்று அந்த ஒற்றைச் சோம்பு. அவர் அதைப் பார்த்தார். காலியாக இருந்த யந்திரத்தைப் பார்த்தார். இருசப்பனுடைய மொட்டை இமைகளைப் பார்த்தார். அவர் மெத்தப் படித்தவர் அல்லரே தவிர முட்டாள் அல்லர். எல்லாம் விளங்கிவிட்டது. முதலில் விளங்கியது கூட்டத்துக்கு. யாரோ ஒருவன் ஓரத்தில் ஆரம்பித்த சிரிப்பு கொட்டகைக் கீற்றெல்லாம் அதிரப் பரவியது. இருசப்பன் சிரித்தால் முகம் எரிகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஜில்லாவின் நில வரைபடங்களில் புல்தரை என்று அவர் குறித்திருந்த இடமெல்லாம் புல்தரைதானா என்ற சந்தேகம் அன்று சிலருக்குத் தோன்றியது.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் தாழ்ந்த குரலில், மேடைத் தமிழ் ஒரு சொல்கூட இல்லாமல், "அப்போ நான் இத்தனை நாளா சோம்பையே பார்க்கலையா?" என்று கேட்டார்.

அதில் இருந்த ஏமாற்றம் நிஜமாக இருந்ததால் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"இப்ப பாருங்களேன்" என்றாள் பாஞ்சாலை. "கண்ண கொஞ்சம் தள்ளி வெச்சிக்குங்க."

"முழுசா வைத்தால் மூட்டைதான் தெரியும். புத்தகத்தில் குறுக்காக மெல்லிசா சீவி வைக்கச் சொல்லியிருக்கான்."

சீவுகிற வேலை செயலாளருடையது. முள்ளங்கித் துண்டைக் கீறி, ஊற வைத்த சோம்பை அதன் நடுவில் செருகி, முகச்சவர பிளேடால் சீவுவார். அவர் சீவல்கள் இதுவரை பலகை கனத்தில் வந்துகொண்டிருந்தன. இப்போது சிரித்த கூட்டத்தின் முன்னால் கை நடுங்கியது. நடுங்கியதில் பிளேடு வழுக்கி, வெங்காயத்தோல் போல ஒரு சீவல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் எந்த ஆராய்ச்சியிலும் கழகத்துக்கு இவ்வளவு நல்ல சீவல் கிடைத்ததில்லை.

தலைவர் கண்ணை இரண்டு விரற்கடை தள்ளி வைத்துக்கொண்டு குனிந்தார். திருகைத் திருப்பினார். திரும்பத் திரும்பத் திருப்பினார். பிறகு அவர் கை நின்றுவிட்டது.

கூட்டம் காத்திருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. "சாமி" என்று பாஞ்சாலை கூப்பிட்டாள். கேட்கவில்லை. சம்பந்தமூர்த்தி தோளைத் தொட்டார். தலைவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். அரை மணி கழித்து நிமிர்ந்தபோது, கண்ணைச் சுற்றியிருந்த அந்த வட்டத்தை மறந்து முகத்தை நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சாயங்காலம் பொருட்காட்சி முடிவு விழா. திடல் நிறையக் கூட்டம். கழகத்தின் முறை வந்தது. சம்பந்தமூர்த்தி மத்தியானமே உட்கார்ந்து புதிய உரை தயாரித்துவிட்டிருந்தார். உலகிலேயே முதன்முதலாக மனித இமை ரோமத்தை நுண்ணோக்கியில் கண்ட பெருமை நம் தலைவரையே சாரும் என்று அது தொடங்கியது. தலைவர் அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒலிபெருக்கியிடம் போனார்.

மேடைக்குக் கீழே பாஞ்சாலை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பக்கத்தில் வேடியப்பன்.

"எல்லாருக்கும் நமஸ்காரம்" என்றார் கைலாசநாதன். "நான் ஒண்ணு பார்த்தேன். சொல்றேன். சோம்பைக் குறுக்கா சீவினா உள்ளே ஐந்து முகடு இருக்கு. முகட்டுக்கு முகடு நடுவில் ஒரு குழாய். காவி நிறம். அந்தக் குழாயில்தான் எண்ணெய் இருக்கு, வாசனையெல்லாம் அதுதான். முதுகுப் பக்கம் நாலு, தட்டைப் பக்கம் ரெண்டு. இவ்வளவு பெரிய ஊரில் இத்தனை வருஷமா வெத்திலையோட மென்னு துப்பியிருக்கோம், உள்ளே இப்படி ஒருத்தன் கட்டி வெச்சிருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியலை. எனக்கும் தெரியலை. ரோமம் ஒண்ணும் கிடையாது. இருந்தது என்னுடையது. வந்து பாருங்கோ. கண்ணைக் கொஞ்சம் தள்ளி வெச்சுண்டு பாருங்கோ."

அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய உரை அதுதான். கைதட்டல் எழுந்தது. அவர் அதற்காக நிற்காமல், வெளிச்சம் போவதற்குள் இன்னொரு சீவல் பார்த்துவிட வேண்டும் என்று கொட்டகையை நோக்கி ஏறக்குறைய ஓடினார்.

பாஞ்சாலை திகைத்து நின்றாள். "யார் கடை சோம்புன்னு சொல்லவே இல்லியே."

"அதான் ரோமம் இல்லன்னு சொல்லிட்டாரே" என்றான் வேடியப்பன்.

"ரோமம் இல்லன்னு சொன்னாரு. பாஞ்சால கடைன்னு சொன்னாரா? பலகையில எழுதறப்ப மட்டும் பேரு தெரிஞ்சிதா?"

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். அடுத்த பேச்சாளரான நகரப் பிரமுகர் ஒருவர் தொண்டையைச் செருமித் தயாராகிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போய் ஒலிபெருக்கியின் கழுத்தைப் பிடித்துத் தன் வாய்க்குக் கீழே இறக்கினாள்.

"சாமி சொன்னது என் கடை சோம்பு. தேரடித் தெரு, பாஞ்சால கடை. என் பேர கெடுத்து எழுதினாங்க, அதனால நானே வந்து சொல்றேன். வடைக்குப் போட்டாலும் சரி, கொழந்தைக்குக் காய்ச்சினாலும் சரி, பயப்படாம வாங்கலாம். முடியும் இல்ல, மயிரும் இல்ல."

சம்பந்தமூர்த்தி காதைப் பொத்திக்கொண்டார். திடல் முழுதும் எழுந்து நின்று சிரித்தது. கோபுரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது அவள் குரல். இருசப்பன் கூட்டத்தின் பின்னாலிருந்து, வெண்ணெய் மினுக்குகிற முகத்தோடு சீழ்க்கை அடித்தான்.

வேடியப்பன் மேடைக்கு அடியில் கையை வீசிக் கத்தினான். "அக்கா, மூட்டைய எடுத்துக்கறேன். இப்பவே வண்டில ஏத்தட்டுமா?"

பாஞ்சாலை அவனைக் கண்டாள். கையிலிருந்த ஒலிபெருக்கியை மறந்துவிட்டாளா, நினைவில்தான் இருந்ததா என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. ஊர் முழுவதும் கேட்கும்படியாகப் பதில் சொன்னாள்:

"ஏத்திக்க வேடியப்பா. ஆனா நேத்து வெல இல்ல. இன்னைக்குக் கொஞ்சம் கூட."